வின்ட்ரஷ் ஆற்றோரம் ஒரு பகல் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் அவசரமில்லாமல் ஒரு நாள் நடக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், பர்ஃபர்டில் தொடங்கி மின்ஸ்டர் லவலில் முடியும் ஆற்றோர வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். சொன்ன மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கும். அடுத்தவர் வயலுக்குள் நுழையலாமா, மாடு முட்டுமா, மதியம் என்ன சாப்பிடுவது, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவால் நடக்க முடியுமா? அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

இந்த வழி எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு மேற்கே, காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் சரிந்து முடியும் இடத்தில் இருக்கிறது. வின்ட்ரஷ் ஆறு குளோஸ்டர்ஷையர் பக்கத்தில் பிறந்து, போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர், பர்ஃபர்ட், விட்னி என்று வளைந்து வந்து, நியூபிரிட்ஜ் என்ற இடத்தில் தேம்ஸில் கலக்கிறது. அதன் நடுப்பகுதியில் ஒரு துண்டுதான் நம் நடை: பர்ஃபர்ட், விட்ஃபர்ட், ஸ்வின்புரூக், ஆஸ்தால், மின்ஸ்டர் லவல். சுற்றிப் போவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 10, 11 கிலோமீட்டர்.

வேகமாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி முடிப்பதற்காக யாரும் இங்கே வர வேண்டாம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிப்பதே சரியான கணக்கு.

போர்ட்டனும் பைபரியும் இன்னும் பிரபலமாயிற்றே, அங்கே ஏன் போகக் கூடாது?

போகலாம், அழகான ஊர்கள்தான். ஆனால் கோடைக்காலச் சனிக்கிழமையில் போர்ட்டனில் ஆற்றைப் பார்ப்பதற்கு முன் சுற்றுலாப் பேருந்துகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பைபரியில் ஒரே தெருவை எல்லோரும் ஒரே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஊரைப் பார்க்கப் போகிறோம். பர்ஃபர்ட் வழியில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற வெளியைப் பார்க்கப் போகிறோம். என் கணக்கில் அந்த வெளிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்தவர் நிலத்துக்குள் நடந்து போகலாமா? யாராவது சத்தம் போட மாட்டார்களா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தயங்குவதும் நியாயம்தான். வாயிற்கதவைத் திறந்துகொண்டு ஒருவருடைய கோதுமை வயலுக்குள் நுழைகிறோம், இருபதடி தள்ளி அவருடைய வீடு இருக்கிறது. கால் கூசத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் நடப்பது அவர் இரக்கப்பட்டு விட்ட வழியில் அல்ல. நம் ஊர் நிலப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுவார்களே, அதே சங்கதிதான். நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை ஊருக்குப் பொது. நம் பத்திரங்களில் அது பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் இருக்கும். இங்கே யாருக்கும் உண்டு, நேற்று ஹீத்ரோவில் வந்து இறங்கியவருக்கும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. பல வழிகள் தேவாலயத்துக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் போக ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கியவை.

உரிமை இருந்தாலும் அதைக் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது. மலைவெளிகளையும் தரிசுகளையும் நிலப்பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த காலத்தில், 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷையரில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) தன் பொதுவழிகளை அளந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. ஒரு வழி அந்த வரைபடத்தில் ஏறிவிட்டால், நிலத்தின் சொந்தக்காரர் யாராக மாறினாலும் வழி மாறாது. 2000இல் வந்த இன்னொரு சட்டம் மலை, தரிசு போன்ற திறந்தவெளிகளில் பாதையை விட்டு விலகி நடக்கவும் இடம் கொடுத்தது. அந்தச் சலுகை இந்த ஆற்றோரப் புல்வெளிகளுக்குப் பொருந்தாது. இங்கே பாதையிலேயே நடக்க வேண்டும்.

உழுத வயலின் நடுவே பாதை போனால், நடுவே நடப்பதுதான் முறை. பயிரை மிதிக்கிறோமே என்று ஓரமாகச் சுற்றிப் போகத் தோன்றும். ஆனால் பயிருக்கு நடுவே பாதையைத் தெளிவாக விட்டு வைப்பது விவசாயியின் சட்டக் கடமை, பெரும்பாலானவர்கள் விட்டும் வைக்கிறார்கள்.

பிரிட்டனுக்குக் குடியேறிகளை ஏற்றி வந்த அந்தக் கப்பலுக்கும் வின்ட்ரஷ் என்றுதானே பெயர்?

ஆம், அந்தக் கப்பலுக்கு இந்த ஆற்றின் பெயர்தான். 1930இல் ‘மான்டே ரோசா’ என்ற பெயரில் ஜெர்மனி கட்டிய பயணக் கப்பல் அது. போருக்குப் பின் பிரிட்டன் எடுத்துக்கொண்டது. அரசுக் கப்பல்களுக்கு ‘எம்பயர்’ என்று தொடங்கும் பெயர்கள் வைப்பது வழக்கம். இதற்கு ‘எம்பயர் வின்ட்ரஷ்’ என்று வைத்தார்கள். 1948 ஜூனில் கரீபியத் தீவுகளிலிருந்து பல நூறு பேரை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைக்கு வந்தது. போருக்குப் பிந்தைய குடியேற்றத்தின் அடையாளமாகவே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கப்பல் 1954இல் மத்தியதரைக் கடலில் தீப்பிடித்து மூழ்கியது.

இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களின் கதைக்கெல்லாம் தலைப்பாகிவிட்ட பெயர், முழங்கால் ஆழம் ஓடும் ஒரு சின்ன ஆற்றிலிருந்து வந்தது. கரையில் இதைச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

எப்படிப் போய்ச் சேர்வது?

லண்டன் பேடிங்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து விட்னிக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு, விட்னியிலிருந்து பர்ஃபர்டுக்குக் குறைவு. விட்னிக்கு ரயில் கிடையாது. இருந்த பயணிகள் ரயிலும் 1962இல் நின்றுபோனது.

திரும்பும்போது மின்ஸ்டர் லவல் கிராமத்தின் மேட்டுப் பகுதிக்கு ஏறினால், விட்னிக்கும் பர்ஃபர்டுக்கும் இடையே ஓடும் பேருந்தைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கிராமப் பேருந்தை நம்பிக் கடைசி நேரத்தில் நிற்பது வீண் பதற்றம். காரில் வருபவர்கள் காரைப் பர்ஃபர்டில் விட்டுவிட்டு, ஸ்வின்புரூக் அல்லது ஆஸ்தால் வரை போய் ஆற்றின் மறு பக்கமாகத் திரும்பி வரலாம். 

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே அவசரமே இல்லை. செப்டம்பரும் நல்ல மாதம். கூட்டம் குறையும், வேலியோரம் கருநாவல் போலப் பழுத்துத் தொங்கும் பிளாக்பெர்ரியைப் பறித்துத் தின்றுகொண்டே நடக்கலாம். மார்ச், ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும், சேறும் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்கால மழைக்குப் பின் ஆறு கரையை மீறிப் புல்வெளியில் பரவும். அப்போது சில இடங்களில் பாதையே தண்ணீருக்குள் போய்விடும்.

என்ன அணிவது, என்ன எடுத்துப் போவது?

நனையாத, பிடிமானமுள்ள பூட்ஸ். வெயில் காய்ந்த நாளிலும் மாட்டுத் தொழுவத்து வாசலில் சேறு இருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. குடையை விட மழைச்சட்டை மேல். காற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு வேலி ஏறிப் பாருங்கள், புரியும். அரைக்கால் சட்டை போட்டால் நெட்டில் செடி காலைத் தீண்டும், நம் காஞ்சொறி போலவே எரியும். உயரமான புல்லில் நடந்துவிட்டு வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஒரு லிட்டராவது வேண்டும். வழியில் கடை என்று எதுவும் கிடையாது.

வழி தவறாமல் போவது எப்படி?

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். செயலியிலும் கிடைக்கிறது. ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னல் போய்ப் போய் வரும், முன்பே தரவிறக்கி வையுங்கள். கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான வழி, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

பர்ஃபர்டின் பெரிய தெருவில் இறங்கி, பாலத்துக்கு முன்பே கிழக்கே திரும்பும் விட்னி ஸ்ட்ரீட்டில் கொஞ்ச தூரம் போனால், இடதுபுறம் வயலுக்குள் இறங்கும் வழி வரும். அங்கிருந்து ஆறு உங்கள் இடப்பக்கம். விட்ஃபர்டில் ஆற்றைக் கடந்து, வடகரையில் ஸ்வின்புரூக் வரை. அங்கே திரும்பத் தென்கரைக்கு வந்து ஆஸ்தால். ஆஸ்தாலுக்குப் பிறகு பாதை ஆற்றைச் சில இடங்களில் விட்டு விலகும், அந்தப் பகுதியில் மட்டும் வரைபடத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிகளில் மூன்று வகை வாசல் வரும். ஏறி இறங்கும் மரப்படி, சாதாரண வாயிற்கதவு, ஒருவர் மட்டும் நுழைந்து வளைந்து வெளியேறும் அரைவட்ட அடைப்பு. கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். அந்தக் கதவை வைத்துத்தான் ஆடுமாடு எந்த வயலில் நிற்க வேண்டும் என்று விவசாயி ஏற்பாடு செய்திருப்பார்.

வயலில் மாடுகள் நிற்குமாமே?

நிற்கும். பெரும்பாலும் அவை உங்களைப் பொருட்படுத்தாது. இளங்காளைகள் மட்டும் ஆர்வத்தில் கூட்டமாகப் பின்னாலேயே வரும். ஓடாதீர்கள், திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும்.

கன்றோடு நிற்கும் பசுதான் எச்சரிக்கை தேவைப்படும் இடம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. சுற்றிப் போங்கள், பாதையை விட்டு விலகினாலும் பரவாயில்லை. நாயோடு வருபவர்களுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் பசு துரத்துவது நாயைத்தான். அப்படி வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் எப்படியும் தப்பிவிடும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனப் பொலிகாளையைப் பொதுவழி போகும் வயலில் விடச் சட்டம் அனுமதிக்காது. இறைச்சி இனக் காளை, பசுக்களோடு இருந்தால் விடலாம்.

பர்ஃபர்டில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

குறைந்தது ஒரு மணி நேரம், அதில் பெரும்பகுதியைத் தேவாலயத்துக்கு. பெரிய தெருவின் தேநீர்க் கடைகள் எங்கும் போகாது.

புனித ஜான் தேவாலயம் ஆட்டு ரோமப் பணத்தில் வளர்ந்தது. இடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளி ஐரோப்பா முழுக்க விலைபோனது, வியாபாரிகள் தங்கள் புண்ணியக் கணக்குக்காகத் தேவாலயங்களைப் பெரிதாக்கினார்கள். உள்ளே மன்னர் எட்டாம் ஹென்றியின் நாவிதரும் வைத்தியருமான எட்மண்ட் ஹார்மனின் நினைவுச் சின்னம் இருக்கிறது, 1569ஆம் ஆண்டுடையது. ஒரு நாவிதரின் சின்னத்தில் அமெரிக்கப் பழங்குடி மனிதர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கிடைக்கும் அவர்களுடைய மிகப் பழைய சித்திரிப்புகளில் ஒன்று. ஏன் அங்கே வைத்தார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, எதுவும் முடிந்த முடிவல்ல.

நான் எல்லோரையும் தேடிப் பார்க்கச் சொல்வது ஞானஸ்நானத் தொட்டியை. 1649 மே மாதம், சம்பள பாக்கிக்காகவும் அயர்லாந்துப் படையெடுப்புக்குப் போக மறுத்தும் கலகம் செய்த வீரர்களை, நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல் நள்ளிரவில் பர்ஃபர்டுக்குள் வந்து மடக்கினார். எல்லா ஆண்களுக்கும் சம உரிமை என்று பேசிய ‘லெவலர்’ இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், அல்லது அதன் பேச்சைக் கேட்டவர்கள். சுமார் 340 பேரை இந்தத் தேவாலயத்துக்குள் சில நாள் அடைத்து வைத்தார்கள். அதில் ஒருவர் ஆண்டனி செட்லி. தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரையும், 1649 என்ற ஆண்டையும், ‘கைதி’ என்ற சொல்லையும் எழுத்துப் பிழையோடு கீறி வைத்தார். மே 17 காலை மூன்று பேரை வெளியே சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மற்றவர்களைக் கூரை மேலிருந்து பார்க்க வைத்தார்களாம். சுவரில் அந்த மூவருக்கும் ஒரு பலகை இருக்கிறது, 1979இல் அரசியல்வாதி டோனி பென் திறந்து வைத்தது. இன்றும் ஒவ்வொரு மே மாதமும் இடதுசாரிகள் இங்கே கூடுகிறார்கள்.

வயலுக்கு நடுவே தனியாக ஒரு தேவாலயம் நிற்கிறதே, அது என்ன?

விட்ஃபர்டின் புனித ஆஸ்வால்ட் தேவாலயம். பெயருக்குத்தான் தேவாலயம், அளவில் ஒரு தானியக் கொட்டில். சுற்றியிருந்த கிராமம் மறைந்துவிட்டது. புல்லுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிவதுதான் அதன் வீடுகள். சாய்வான காலை வெயிலில் அந்த மேடுபள்ளம் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றுமே தெரியாது.

உள்ளே மின்சாரம் எதிர்பார்க்க வேண்டாம். கண் பழகியதும் சுவரில் 14ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் மங்கலாக எழும். தேவாலயமே ஒரு ரோமானியக் கட்டடத்தின் மேல் நிற்கிறது, தரைக்கடியில் மொசைக் கற்பதிப்பு கிடைத்திருக்கிறது. இவ்வளவு சின்ன இடம் 1844 வரை, சுற்றிலும் ஆக்ஸ்போர்டுஷையர் இருக்க, தான் மட்டும் குளோஸ்டர்ஷையரின் துண்டாக இருந்தது.

இந்த நடையில் ஒரே ஓரிடத்தில்தான் உட்கார நேரம் இருக்கிறது என்றால், இங்கே உட்காருங்கள்.

ஸ்வின்புரூக்கில் என்ன பார்க்க?

புனித மேரி தேவாலயத்துக்குள் ஃபெட்டிப்ளேஸ் என்ற நிலப்பிரபுக் குடும்பத்து ஆண்கள் ஆறு பேர் அடுக்கடுக்காக, ஒரு பக்கம் மூவர், மறு பக்கம் மூவர், முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். எல்லாம் 17ஆம் நூற்றாண்டுக் கற்சிலைகள். முதல் மூவர் விறைப்பாக இருப்பார்கள், அடுத்த மூவரைச் செதுக்கிய சிற்பிக்குக் கை நன்றாகத் தேர்ந்திருந்தது. சேர்ந்து பார்த்தால் சிரிப்பு வரும். ரயில் பெட்டியின் தூங்கும் பலகைகளில் பயணம் போகிறவர்கள் மாதிரி. அத்தனை செல்வாக்கோடு இருந்த குடும்பம் பிறகு வாரிசில்லாமல் போனது, அவர்களுடைய மாளிகையும் இப்போது இல்லை.

வெளியே மிட்ஃபர்ட் சகோதரிகளில் நால்வரின் கல்லறைகள்: நான்சி, யூனிட்டி, டயானா, பமீலா. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பத்திரிகைகள் ஓயாமல் எழுதிய ஆறு சகோதரிகள் அவர்கள். நான்சி நாவலாசிரியர். யூனிட்டி ஹிட்லரின் வட்டத்தில் திரிந்தவர். டயானா பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியை மணந்தவர். இங்கே இல்லாத ஜெசிக்காவோ கம்யூனிஸ்ட். பிள்ளைப் பருவத்தில் 1919 முதல் 1926 வரை ஆஸ்தால் மாளிகையில் இருந்தார்கள், நாமும் அடுத்து அந்த மாளிகையின் மதிலோரமாகத்தான் போவோம். தேவாலயத்தின் ஓக் இருக்கைகள் அவர்களுடைய அப்பா குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தில் வந்தவை என்று சொல்வார்கள். பந்தயப் பணத்தில் தேவாலய இருக்கை!

சாப்பாட்டுக்கு என்ன வழி? சைவம் கிடைக்குமா?

ஸ்வின்புரூக்கிலும் ஆஸ்தாலிலும் மின்ஸ்டர் லவலிலும் பப் உண்டு. ஸ்வின்புரூக்கின் ஸ்வான் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, முன்பு மிட்ஃபர்டுகளில் கடைசித் தங்கையான டெவன்ஷையர் கோமகளுக்குச் சொந்தமாக இருந்தது. பப் என்றதும் மதுக்கடை என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். கிராமத்துப் பப்பில் பாதிக் கூட்டம் குடும்பங்கள்தான், எலுமிச்சைப் பானமோ காபியோ மட்டும் வாங்கிக்கொண்டு உட்காரலாம். மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திராமல், பெரும்பாலும் நாமே கவுன்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

சைவம் எல்லா இடத்திலும் ஓரிரண்டு உண்டு. சூப்பும் ரொட்டியும் பாதுகாப்பான தேர்வு, ஆனால் சூப் எந்தச் சாற்றில் செய்தது என்று கேட்டுவிடுங்கள். பாலாடைக்கட்டி, ஊறுகாய், ரொட்டி சேர்ந்த ‘பிளவ்மன்ஸ்’ தட்டும் நன்றாக இருக்கும். அடுப்படி மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஞாயிறு மதியம் முன்பதிவில்லாமல் இடம் கிடைப்பது அரிது.

புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது இவை எல்லாவற்றையும் விட எளிது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இலையோ காகிதமோ திரும்ப உங்கள் பைக்குள்ளேயே போக வேண்டும். பப்பின் தோட்டத்து மேசையில் மட்டும் சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். கழிவறை பர்ஃபர்டிலும் பப்களிலும்தான்.

இந்த ஊர்கள் இவ்வளவு காலம் மாறாமல் இருப்பது எப்படி?

அழகுணர்ச்சியால் என்று நினைப்போம். பெரும்பங்கு பணமில்லாமையால்.

தேன் நிறச் சுவர்களின் கல் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல், பர்ஃபர்டுக்குப் பக்கத்து டெய்ன்டன் சுரங்கத்தின் கல்தான் ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளுக்கும் பிளெனம் அரண்மனைக்கும் போனது. ரோமப் பணம் இருந்தவரை கட்டினார்கள். பிறகு துணித் தொழில் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெரிய சாலை ஊருக்குள் வராமல் மேட்டோடு போகும்படி மாற்றப்பட்டது, குதிரை வண்டிப் பயணிகள் போனார்கள். பின்னால் வந்த ரயிலும் பர்ஃபர்டைத் தொடவில்லை. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால் பழைய வீடு நின்றது. 1966இல் காட்ஸ்வோல்ட்ஸ் பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதியானது, அதற்கப்புறம் காசு இருந்தாலும் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவது எளிதல்ல. இப்போது அதே குடிசைகளை லண்டன்காரர்கள் பெரும் விலை கொடுத்து வார இறுதிக்காக வாங்குகிறார்கள். செவ்வாய்க்கிழமை நடந்தால் சன்னல்கள் மூடியிருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த விலைக்கு வீடு வாங்க முடியாமல் விட்னிப் பக்கம் போய்விடுகிறார்கள்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

நான் இறங்க மாட்டேன், குடிக்கவே கூடாது. மழை மிகுந்தால் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. இது நாடு முழுவதும் உள்ள பிரச்சினை, அதை ஆதாரத்தோடு வெளிக்கொண்டுவந்ததில் இந்த வின்ட்ரஷ் கரையோர மக்களுக்குப் பெரிய பங்குண்டு. பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டு, தேசியச் செய்தியாக்கினார்கள்.

பார்க்க நிறைய இருக்கிறது. ஆல்டர் மரக்கிளையில் நீலக் கோடாகப் பறந்து போகும் மீன்கொத்தி, ஒற்றைக்காலில் நிற்கும் சாம்பல் நாரை, மேலே வட்டமிடும் செந்நிறப் பருந்து. இந்தப் பருந்தினம் இங்கிலாந்தில் அற்றுப்போய், 1989 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதில் பெருகியது. அன்னத்துக்கு ரொட்டி போடாதீர்கள். குஞ்சு இருந்தால் கிட்டவே போகாதீர்கள், சீறும்.

மின்ஸ்டர் லவலில் முடிப்பது ஏன்?

அதைவிட நல்ல முடிவு இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. 1430களில் வில்லியம் லவல் கட்டிய மாளிகையின் இடிபாடு ஆற்றின் விளிம்பில் நிற்கிறது. கட்டணம் இல்லை. கூரை போய்விட்டது, வாசலின் கற்பதிப்பும் ஒரு கோபுரமும் உயரமான சன்னல் வளைவுகளும் மிச்சம்.

வில்லியமின் பேரன் பிரான்சிஸ் லவல், மூன்றாம் ரிச்சர்டின் நெருங்கிய நண்பர். அரசனைச் சுற்றியிருந்த மூவரைப் பூனை, எலி, நாய் என்று கிண்டலடித்து ஒரு பாட்டு லண்டனில் உலவியது. அதில் நாய் இவர்தான். ரிச்சர்ட் 1485இல் போர்க்களத்தில் இறந்த பின்னும் பிரான்சிஸ் விடவில்லை. 1487இல் ஸ்டோக் போரில் தோற்றார், அதன்பின் அவரைப் பார்த்தவர் இல்லை. 1708இல் இங்கே புகைபோக்கி வேலை செய்தபோது நிலவறை ஒன்றில் மேசை முன் உட்கார்ந்த எலும்புக்கூடு கிடைத்ததாகவும், காற்றுப் பட்டதும் பொடியானதாகவும் ஒரு கதை. நிலவறையை யாரும் காட்டியதில்லை. கதையை நம்பாமலேயே ரசிக்கலாம்.

பேருந்துக்காக மேடேறும்போது வருவது வேறொரு வரலாறு. 1840களில், வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கம் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டி, நிலம் வாங்கி, 78 சிறு வீடுகளைக் கட்டிப் பிரித்துக் கொடுத்த குடியிருப்பு அது. பெயர் சார்ட்டர்வில். குலுக்கலில் பெயர் வந்த நகரத் தொழிலாளிகள் விவசாயம் செய்ய வந்தார்கள். திட்டம் சில ஆண்டுகளில் நொறுங்கியது, வீடுகள் பல இன்னும் இருக்கின்றன. கீழே பிரபுவின் இடிபாட்டைப் படமெடுப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட இந்த வீடுகளை நின்று பார்ப்பதில்லை.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

ஏற்றம் அதிகமில்லை. வேலிப்படிகள்தான் சிரமம், மூட்டுவலி இருந்தால் மரப்படியில் ஏறி இறங்குவது வலிக்கும். அப்படியானால் முழு வழியையும் விட்டுவிட்டு, ஸ்வின்புரூக்கில் காரை நிறுத்தி விட்ஃபர்ட் தேவாலயம் வரை போய் வாருங்கள், ஒரு மணி நேரம் ஆகும். மின்ஸ்டர் லவல் இடிபாடும் காரிலிருந்து கொஞ்ச தூரம்தான். சேலை கட்டிய அம்மாக்கள் சிரமமில்லாமல் நடப்பதைப் பார்த்திருக்கிறேன், காலில் மட்டும் ஷூ வேண்டும். தள்ளுவண்டி உதவாது, கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொள்ளுங்கள்.

எதிரே வருபவர்கள் வணக்கம் சொல்கிறார்களே, பதிலுக்கு என்ன சொல்வது?

லண்டன் ரயிலில் முகம் பார்க்காதவர்கள் இங்கே ‘மார்னிங்’ என்பார்கள். நீங்களும் அதையே சொல்லுங்கள். நாயைப் பற்றி ஒரு வார்த்தை, வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை, போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறீர்கள் என்றுதான் பொருள். பர்ஃபர்ட் என்று சொல்லுங்கள்.

முடித்த பிறகும் நடக்கத் தெம்பிருந்தால்?

பேருந்தை விட்டுவிட்டு ஆற்றோடு இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால், கிராலி கிராமம் தாண்டி விட்னி. போர்வைக்குப் பேர்போன ஊர். வின்ட்ரஷ் தண்ணீரில் ஆலைகள் ஓடி, கனடாவின் ஹட்சன் பே கம்பெனிக்குக்கூட இங்கிருந்து கம்பளிகள் போயின. கடைசிப் போர்வை ஆலை 2002இல் மூடியது. விட்னியில் ஆக்ஸ்போர்டுப் பேருந்து இரவு வரை உண்டு, ஆகவே இந்த நீட்டிப்பில் நேரத்தைப் பற்றிய கவலையும் இல்லை.